சுண்ணாம்புக்கு அடங்காத பெயர்

எங்கள் சான் மார்சியால் ரயிலடிச் சுவரில் இந்தக் குடியரசின் சரித்திரமே இருக்கிறது. சுரண்டிப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு ஒரு பெயர், அதன்மேல் சுண்ணாம்பு, சுண்ணாம்பின்மேல் அடுத்த பெயர். மேலே இருப்பவர் பெசோவின் மதிப்பை இறங்க விடமாட்டேன் என்று சத்தியம் செய்து அதை அதலபாதாளத்துக்கு அனுப்பியவர். அவருக்குக் கீழே, நிலம் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே பதவிக்காலத்தை ஓட்டியவர். அதற்கும் கீழே, ஊர்வலம் போன கல்லூரிப் பிள்ளைகளைச் சுடச் சொன்னவர். மூன்று பெயரையும் எழுதிய கை என்னுடையதுதான். அவர்களுக்கு ஓட்டுப் போட்டேனா என்று கேட்காதீர்கள். போட்டாலும் போடாவிட்டாலும் அவர்களேதான் ஜெயித்தார்கள்.

தேர்தல் ஜூலையில் என்றாலும் முடிவு முந்தைய அக்டோபரிலேயே ஆகிவிடும். நாற்காலியில் இருக்கும் ஜனாதிபதி தன் மந்திரிகளில் ஒருவரை மனசுக்குள் குறித்துக்கொண்டு, துணி போட்டு மூடி வைத்திருப்பார். மூடியிருக்கும்வரை எவனும் வாய் திறக்க மாட்டான். துணியை விலக்கினாரோ இல்லையோ, கவர்னரிலிருந்து தெருக்கூட்டுவோர் சங்கம் வரை எல்லோரும் அந்த ஆளை வாழ்த்த விழுந்தடித்து ஓடுவார்கள். முதலில் ஓடியவனுக்குப் பதவி. பிந்தியவனுக்கு ஆறு வருடம் பட்டினி. தப்பான ஆளிடம் ஓடியவன் கதி என்ன என்று யாருக்கும் தெரியாது. அவனைப் பற்றி அப்புறம் யாரும் பேசுவதில்லை.

எனக்கு இவர்களில் எவன் வந்தால் என்ன? என் கவலை வேறு. என் வீட்டுக்காரர் இசித்ரோ பள்ளிக்கூட வாத்தியார். பாக்கிச் சம்பளம் கேட்டு ஊர்வலம் போனதற்காகப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஜெயில் மூன்று தெரு தள்ளித்தான். ஆனால் ஒரு நாள்கூட முகத்தைப் பார்க்க விட்டதில்லை. கொடுத்தனுப்பும் சோள ரொட்டிக் கூடை காலியாகத் திரும்பி வரும். அதை வைத்துத்தான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கவர்னரின் மன்னிப்புப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பதாக எங்கள் தொகுதிச் சட்டசபை உறுப்பினர், வக்கீல் பல்தசார் ஓன்யாத்தே, வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்குக்காக அவருக்கு எத்தனை சுவர் சும்மா எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு வக்கீலய்யா சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வந்து நின்றார். தலைநகரிலிருந்து ஒரு நண்பன் தொலைபேசியில் சொன்னானாம். அதற்கு ஐந்து நிமிடம் கழித்து ஒரு வானொலியும் அதையே சொன்னதாம்.

"மந்திரி உருத்தியாதான், குக்காம்மா. துணி வெலகிருச்சு. கவர்னர் பன்னெண்டு மணி வண்டியில வந்து எறங்குறப்ப அந்தப் பேரு அவரு கண்ணுல அடிக்கணும். மாநிலத்துலயே மொத சுவரு நம்ம சுவரா இருக்கணும்."

"எழுதிக் குடுங்க வக்கீலய்யா."

பெயர் எழுதும் தொழிலில் இருப்பவர்கள் வாய்ச்சொல்லுக்குத் தூரிகையைத் தொடுவதில்லை. ஒரு தப்பு வந்தால் பெயின்ட் காசு நம் தலையில் விழும். அவசரத்தில் அவர் அலுத்துக்கொண்டே, தன் பெயர் அச்சடித்த தாளில் எழுதினார்: 'அன்செல்மோ உருத்தியா ஜனாதிபதி. சான் மார்சியால் மக்கள் முதல் நொடியிலிருந்து உங்களோடு.' கீழே கையெழுத்து, தேதி, மணி. வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

ஆள் உயர எழுத்து. நல்ல சிவப்பு எண்ணெய்ப் பெயின்ட். ஏணியில் ஏறி இறங்கிப் பதினொன்றேகாலுக்கு முடித்தேன். கீழே பேண்டு வாத்தியம் வந்துவிட்டது, சந்தைக்காரிகள் சங்கம் வந்துவிட்டது, ஆளுக்கொரு கொடி. வக்கீலய்யா பேச ஆரம்பித்தார். உருத்தியாவைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது ரயிலடிச் சாப்பாட்டுக்கடை வானொலியில் தேசிய கீதம் ஒலித்தது. பிறகு கட்சித் தலைவரின் குரல். கட்சி ஒருமனதாக முன்மொழியும் பெயர்: தெயோதுலோ பராகான். பட்ஜெட் மந்திரி.

டிரம்பெட்காரன் கருவியை வாயிலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றான். வக்கீலய்யா ஏணியடிக்கு ஓடி வந்தார். கொடிகள் ஒவ்வொன்றாக முதுகுக்குப் பின்னால் போயின.

"சுண்ணாம்பு. சீக்கிரம்."

கள்ளிச்சாறு கலந்த சுண்ணாம்பு எப்போதும் தயாராக வைத்திருப்பேன். ஆனால் ஈர எண்ணெய்ப் பெயின்ட்டின்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒரு பூச்சுப் பூசினேன். சிவப்பு கரைந்து ரோஜா நிறத்தில் மேலே வந்தது. இன்னொரு பூச்சு. உருத்தியா இன்னும் அழகாகத் தெரிந்தார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிடம்.

வக்கீலய்யா கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மூளை வேலை செய்வது ஏணி உச்சியிலிருந்தே தெரிந்தது. இரண்டு போலீஸ்காரர்களைக் கூப்பிட்டு ஏணியடியில் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். கட்சியைக் கேலி பண்ண நானே எழுதியதாக ஒப்புக்கொள்ள வேண்டுமாம். ஊர்வலம் போன வாத்தியார் பெண்டாட்டி செய்தாள் என்றால் ஊர் நம்புமாம். மூன்று மாதம் உள்ளே இருந்தால் போதுமாம். இசித்ரோ வெளியே வந்துவிடுவாராம்.

பதினாறு மாதமாக இந்த மனிதனுக்கா மரியாதை கொடுத்தேன்!

"உங்க கையெழுத்து எங்கிட்ட இருக்கு வக்கீலய்யா. ஒன்பதேமுக்கால் மணின்னு போட்டிருக்கு."

அவர் அதை மறந்தே போயிருந்தார். குடு என்று கையை நீட்டினார், அப்புறம் போலீஸ்காரர்களிடம் இறக்கு என்றார். யாராவது ஏணியைத் தொட்டால் தாளை ஊரே கேட்க உரக்கப் படிப்பேன் என்றேன். ஏணிப்படியைத் தொடையால் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"கவர்னர் எறங்குனதும் அவர்கிட்ட என் வீட்டுக்காரரை விடச் சொல்லிக் கேளுங்க. கேக்கலைன்னா இந்தத் தாள் அவர் கைக்குப் போகும்."

அதற்குள் ஊதல் கேட்டது. வண்டி வளைவில் திரும்பியதும் நான்தான் முதலில் பார்த்தேன், உயரத்தில் இருந்ததால். எஞ்சின் நெஞ்சில் நீளத் துணி கட்டியிருந்தது. உருத்தியா. வழியில் எந்த ஸ்டேஷனிலோ காலைச் செய்தியைக் கேட்டுக் கட்டியிருக்கிறார்கள். வண்டிக்குள் வானொலி ஏது? கவர்னர் படிக்கட்டிலேயே கையை உயர்த்தி "உருத்தியா வாழ்க" என்றார். ஊர் மொத்தமும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் இன்னொரு முறை சொன்னார், கொஞ்சம் மெதுவாக. அப்புறம் ரோஜா நிறச் சுவரைப் பார்த்தார். வக்கீலய்யா பக்கத்தில் போய், பெயர் பராகான் என்று அவர் காதில் சொன்னார். கவர்னரின் கை இறங்கவே இல்லை. அதை இறக்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அந்த வண்டி ஒரு மணிக்குக் கிளம்பி இன்னும் ஏழு ஊர் போகிறது, அதே துணியோடு. தலைநகர்ப் பத்திரிகைக்காரர்கள் மூன்று மணிக்கு வருகிறார்கள் என்றும் யாரோ சொன்னார்கள். இதை எழுதியது யார் என்று கவர்னர் கேட்டார். வக்கீலய்யா என்னைக் காட்டினார்.

"துணியும் சுவரும் எவ்வளவு நேரத்துல மாத்த முடியும்மா?"

"தனியா முடியாதுங்க. ஈரப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துட்டு எழுதணும். எங்கூட எழுத்து எழுதுறவரு உங்க ஜெயில்ல இருக்காரு. அவர் வந்தா மூணு மணிக்குள்ள முடியும்."

இசித்ரோ ஜென்மத்தில் தூரிகை பிடித்தவரில்லை. வக்கீலய்யாவுக்கு அது தெரியும். அவர் வாயைத் திறக்கப்போவதைப் பார்த்து ரவிக்கைமேல் கையை வைத்தேன். அவர் கவர்னர் பக்கம் திரும்பி, ஆமாங்க, நல்ல எழுத்துக்காரன், பட்டியலில் முதல் பெயர் அவன்தான் என்றார். கவர்னர் அங்கேயே ஒரு சிகரெட் பெட்டியின்மேல் விடுதலை உத்தரவை எழுதினார்.

இருபது நிமிடத்தில் ஒரு ஜீப் வந்தது. இறங்கிய மனிதரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் ஆளே இல்லை. வக்கீலய்யா என் பக்கத்தில் வந்து நின்றார். தாளைக் கொடுத்தேன். அவர் அதை மென்று தின்றார், பொய்யில்லை, கண்ணால் பார்த்தேன்.

இசித்ரோ சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தத் தடவை யாரு?"

"பராகானாம்."

தூரிகையைக் கையில் கொடுத்தேன். கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. அவர் வலது கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை. யாரோ உடைத்து, யாரும் கட்டுப் போடாமல், அவையாகவே கோணலாக ஒட்டியிருந்தன. கரும்பலகையில் அச்சுப் போல எழுதிய கை அது. கவர்னர் நிழலில் நாற்காலி போட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் ஜீப்பை இன்னும் அணைக்கவில்லை; இவர் எழுதவில்லை என்றால் அதிலேயே திரும்ப ஏற்றிவிடுவார்கள்.

அழக்கூட நேரமில்லை. துணியைத் திருப்பிப் போட்டு நானே புதுப் பெயரை எழுதி வண்டியை அனுப்பிவிட்டு, சுவரைச் சுரண்டி முடித்ததும், அவரை ஏணியில் ஏற்றினேன். நானும் ஏறிப் பின்னால் அணைத்தபடி நின்றேன். தூரிகையை அவர் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களால் அவர் விரல்களை மூடிக்கொண்டேன். பதினாறு மாதத்துக்குப் பிறகு அவர் உடம்பு என்மேல் பட்டது, ஊரே பார்க்க, ஒரு மந்திரியின் பெயருக்காக. வலியில் அவர் மூச்சை இழுப்பது என் நெஞ்சில் கேட்டது.

"இறுக்கிப் பிடி குக்கா, பரவால்ல," என்றார்.

முதல் எழுத்தை எழுதினோம்.