உடையாத நுரைக்குள் இருந்த அழுகை

அந்த ஆண்டு அறுவடைத் திருநாளுக்குப் பிறகு சுங்ஜுவில் குழந்தைகள் அழுவது நின்றுபோனது. ஊர் எல்லையில் இருந்த குழந்தைச் சோப்புத் தொழிற்சாலை, தன் ஆட்களுக்குப் பண்டிகைப் பரிசாக ‘கண்ணீர் வராத’ புதுக் குளியல் திரவத்தைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்திருந்தது. வந்த பரிசை நாத்தனாருக்கும், நாத்தனார் பக்கத்து வீட்டுக்கும் தள்ளிவிடுவது அங்கே வழக்கம் என்பதால், ஒரே வாரத்தில் ஊரே பீச் பழம் மணத்தது. அதில் எழுந்த நுரைக்குமிழிகள் கை பட்டாலும் உடையாமல் கூரைகளில் தங்கின. ஜனங்கள் குடையால் ஒதுக்கிவிட்டு நடந்தார்கள்.

அந்தத் திரவத்தைப் புட்டியில் நிரப்பும் பிரிவில் இருந்த யோன்ஹ்வாவுக்கும் முதலில் நிம்மதிதான். பிறகு அவளுடைய கைக்குழந்தை தன்பிக்கு முழங்கை மடிப்புகள் வெடித்து நீர் கசிந்தது. குழந்தை வாயைத் திறந்து துடித்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பொதுக்குளியல் கூடத்தில் ஒருநாள் அவளுடைய கொண்டை ஊசி ஒரு குமிழியைக் குத்தியது. உள்ளிருந்து தன்பியின் அழுகை வீறிட்டு வெளியே வந்தது.

வாசனைக்குச் சேர்த்த பொருள்தான் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சோதித்துச் சொன்னார். யோன்ஹ்வா மேலாளரைப் பார்க்கக் கிளம்பியபோது, உடன் வேலை செய்யும் ஒக்ரியோ மறித்தாள்.

“ஏன்டி, கம்பெனி சோத்தத் தின்னுட்டு கம்பெனி மேலயே புகாரா?”

“சோறு நான் திங்கறேன்க்கா. தோல் உரியறது அவளுக்கு.”

மேலாளர் சிரித்தார். “எல்லாம் அளவுக்குள்ளதாம்மா இருக்கு. எந்தப் பிள்ளையாவது அழுதுச்சா, சொல்லு?”

யோன்ஹ்வா வெளியே வந்தாள். வீடு வீடாகப் போனாள். கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோசு ஊறவைக்கும் பெரிய பைகளில் குமிழிகளைத் திணித்துக் கொண்டுவந்து, மேலாளரின் மேசைமேல் வைத்து, கொண்டை ஊசியை உருவி ஒவ்வொன்றாகக் குத்தினாள். ஊர்க் குழந்தைகள் எல்லாம் அந்த அறையில் அழுதன. மதியச் சாப்பாட்டு மணி யாருக்கும் கேட்கவில்லை. “போதும்மா, நிறுத்து” என்று அவர் காதைப் பொத்தினார். “இன்னும் ரெண்டு பை இருக்கு சார்” என்றாள். வாசலில் நின்ற ஒக்ரியோ தன் கொண்டையிலிருந்தும் ஊசியை எடுத்தாள்.

புத்தாண்டுக்கு வந்த திரவத்தில் எந்த வாசனையும் இல்லை. விற்பனையும் கொஞ்சம் குறைவுதான். தன்பியின் முழங்கை ஆறியது. தலையில் தண்ணீர் பட்டதும் அவள் குளியல் கூடமே அதிர அலறினாள். யோன்ஹ்வா அவசரப்படாமல் கழுவிவிட்டாள்.

தொழிற்சாலைக் கூரையில் ஒரு குமிழி இன்னும் இருக்கிறது. விளக்கு மாற்ற வருகிறவர்கள் ஏணியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.