ஐந்து மணிக்குள் ஆறு எண்கள்

பொறியியல் கலந்தாய்வுக்கு மகளின் பெயரைப் பதிந்தபோது கண்ணப்பன் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தான். கைப்பேசி எண் கேட்ட இடத்தில் தன் எண்ணைக் கொடுத்தான். எந்தப் படிப்பு முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்திய பட்டியலைப் பூட்ட அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். இசைவாணி மெக்கானிக்கல் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவன் கம்ப்யூட்டர் என்று நின்றான். சாவி தன் கையில் இருந்தால் மகள் என்ன செய்துவிட முடியும்? நல்ல யோசனைதான். ஆனால் வேலை நேரம் முழுக்க அந்தக் கைப்பேசி ஒரகடம் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி பக்கத்து லாக்கரில் கிடக்கும் என்பதை இந்த மகாராசன் மறந்துவிட்டான்.

இன்று கடைசி நாள். மாலை ஐந்துக்குள் பூட்டாவிட்டால் இந்தச் சுற்றில் அவளுக்கு இடமே கிடையாது. இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்ததும் பிள்ளைப்பாக்கத்து வீட்டுக்குப் பறந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை மேலே ஏற்றிப் பூட்டிவிடலாம் என்றிருந்தான். இரண்டு இருபதுக்கு சூப்பர்வைசர் வந்தார். அடுத்த ஷிப்ட்டில் ஆள் குறைவு, ஆறு மணி வரை ஓ.டி. பார்க்க வேண்டும் என்றார். கண்ணப்பன் கெஞ்சிப் பார்த்தான்.

"லைன் நின்னா யாரு பதில் சொல்றது? நீயா?" என்று அவர் போய்விட்டார்.

மணி நாலரையைத் தாண்டியது. கார் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. கை போல்ட்டை முடுக்கியது, கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. பக்கத்து இடத்தில் சுகப்பிரியா நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். மெக்கானிக்கல் பட்டம் வாங்கிவிட்டு, இரண்டு வருடமாக ஒப்பந்தத்தில் அவன் முடுக்கும் அதே போல்ட்டைத்தான் முடுக்குகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மகளையே அந்தச் சீருடையில் பார்த்தது போல அவனுக்குப் பகீரென்னும்.

"பத்து நிமிஷம் என் எடத்தையும் சேத்துப் பாத்துக்கிறியாம்மா?" என்று கேட்டு, விஷயத்தைச் சொன்னான்.

"எங்கப்பாவும் கம்ப்யூட்டர்தான் எடுக்கச் சொன்னாவ அண்ணாச்சி. நான் கேக்கல."

"பாத்தியா? இத நீயே என் பொண்ணாண்ட சொல்லும்மா."

"வருத்தம் இருக்கத்தான் செய்யுது. ஆனா என் இஷ்டத்துக்கே விட்ட எங்கப்பா மேல எனக்குக் கோவம் கெடையாது. அதுவே பெரிய நிம்மதி. நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

நேரம் காலம் தெரியாமல் பேசுகிறாளே என்ற எரிச்சலோடு வாசலுக்கு ஓடினான். லாக்கரைத் திறந்தால் மகளிடமிருந்து இருபத்து மூன்று அழைப்புகள். மணி நாலு ஐம்பத்திரண்டு.

"எங்கப்பா போயிட்ட?" எடுத்ததும் கத்தினாள். "இப்ப நம்பர் வரும், சொல்லு!"

"மொதல்ல இன்னா போட்டுக்கீற?"

மகள் பொய் சொல்லியிருக்கலாம். அவன் என்ன எட்டியா பார்க்கப்போகிறான்?

"மெக்கானிக்கல்தான்பா. உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

ஆறு எண்கள் வந்து விழுந்தன.

"கம்ப்யூட்டர மேல ஏத்து. அப்பதான் சொல்லுவேன்."

"மாட்டேன்."

"அப்ப சீட்டே வாணாமா உனுக்கு?"

"நீதான வாணான்ற."

நாலு ஐம்பத்தாறு. செக்யூரிட்டி இவனையே பார்த்தார். மகள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. யாருக்குப் பிறந்த பிடிவாதம் என்று திட்டவும் வழியில்லை. கம்ப்யூட்டர் படித்து அவள் கை நிறையச் சம்பாதிக்கலாம். சம்பாதித்துவிட்டு ஆயுசுக்கும் அவன் முகத்தைப் பார்க்காமலும் இருக்கலாம். அதை நினைத்ததும் கண்ணப்பனுக்குப் பயம் பிடித்தது. போல்ட் முடுக்கும் மகளை நினைத்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"எழுதிக்கோ. நாலு, ஒண்ணு, ஒம்போது..." பாதியில் நிறுத்தினான்.

"அப்பா, டைம்!"

"ஏழு, ரெண்டு, ரெண்டு."

பொத்தான்களைத் தட்டும் சத்தம் கேட்டது.

"லாக் ஆயிடுச்சுப்பா," என்றவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்றான் கண்ணப்பன். "வேல தேடும்போது அழு. அப்ப நானும் உங்கூட ஒக்காந்து அழுவுறேன்."