இரண்டாம் நாளுக்குச் சொல்லாத நல்லது

1.

இந்தக் கதை யாரும் எனக்குச் சொன்னதல்ல, ஒட்டுக்கேட்டது. மந்தாரக்குப்பத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி பெஞ்சில், என் தங்கையின் ஸ்கேனுக்காகக் காத்திருந்தபோது. பெயர்களை மாற்றிவிட்டேன். கிழமைகளை மாற்றவில்லை. மாற்றினால் கதையே இல்லை.

2.

முதல் தொடக்கம்: "நெய்வேலி வானம் கரிப்புகை பூசிக்கொண்டு..." (வேண்டாம். பெஞ்சிலிருந்து வானம் தெரியவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: திங்கட்கிழமை காலை. மலர்விழிக்கு நிறைமாதம். டாக்டர் புவனா ஸ்கேனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "பனிக்குடத் தண்ணி குறையுது. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்.

மலர்விழிக்குப் பிள்ளை பத்திரமாக வந்தால் போதும். முகம் சுருங்கியது மாமனார் ஏசுவடியானுக்குத்தான். சுரங்கத்தில் ஓய்வுபெற்ற தெற்கத்திக்காரர், சபைச் செயலாளர். 'நாள் பார்ப்பது பாவம்' என்று துண்டுப்பிரசுரம் அச்சடித்து, சைக்கிளில் பிளாக் பிளாக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்.

"நாளைக்கு செவ்வாயில்லா? நமக்கு நாளு கோளு ஒண்ணும் கெடையாது. ஆனா செவ்வாயில பொறந்தது ஊரோட சண்டை போடும்னு எங்க பக்கம் சொல்லுவாவ. புதன் வச்சுக்கிடலாமே. அன்னைக்கு உபவாச ஜெபமும் இருக்கு."

[அவரைக் கோமாளியாக்கிவிட்டேனோ? இல்லை. கோமாளிக்குத் தான் செய்வது தெரியும்.]

3.

மலர்விழி குறிஞ்சிப்பாடிப் பெண். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்தே வீட்டுக்கு வேண்டிய எவர்சில்வர் டம்ளர்களைப் பரிசாகச் சேர்த்தவள்.

"மாமா, ஆதியாகமம் மொத அதிகாரம் எடுங்க, ஆண்டவரு ஒலகத்தை நாள் நாளா படைச்ச கதை. ஞாயித்துக்கெழமையிலேருந்து எண்ணிக்கினே வாங்க. செவ்வா மூணாம் நாளு. அன்னிக்கு ஆண்டவரு ரெண்டு வாட்டி நல்லதுன்னு சொல்லியிருக்காரு."

ஏசுவடியான் செல்போனில் வரிவரியாக விரலை நகர்த்திப் படித்தார். முகம் மலர்ந்தது.

"அட, ஆமா! எலேய் சுபாஷு, ஒம் பிள்ளைக்கு ரெட்டை ஆசீர்வாதம்லா! நாளைக்கே வைங்க டாக்டர். இன்னைக்கு மாத்திரம் வேண்டாம், கேட்டியளா? திங்க ரெண்டாம் நாளு. அதுக்கு நல்லதுங்கிற பேச்சே வேதத்துல இல்ல."

நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்த மகன் சுபாஷ், "ஜாதகத்தைத் தூக்கிப் போட்டுட்டு பைபிளை எடுத்தீங்க. இப்ப அதுலயும் ஜாதகம் பாக்குறீங்களேப்பா" என்றான்.

மலர்விழி சிரித்தாள். ஜெயித்த சிரிப்பு. (இதோடு நிறுத்தியிருந்தால் வாரப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கலாம்.)

4.

மத்தியானம் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கியது. டாக்டர் புவனா ஓடி வந்தார். "நாளைக்கு வரைக்கும் தாங்காது. இப்பவே எடுக்கணும். யாரு கையெழுத்துப் போடுறீங்க?"

சுபாஷ் பேனாவை வாங்கினான். ஏசுவடியான் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒரு நிமிஷம் டாக்டர். ஜெபம் பண்ணிக்கிடுதோம்." காலையில் கேலி பேசிய சுபாஷின் கை, உதறிக்கொள்ளாமல் அப்படியே நின்றது.

மலர்விழி சற்றும் அஞ்சாமல்

(அடித்துவிட்டேன். அஞ்சினாள். நான் பார்த்தேன். மாமனாருக்கு அவள் ஊட்டிய வசனம் இப்போது அவளையே மறித்தது.)

"இப்டி குடுங்க" என்று பேனாவைப் பிடுங்கினாள். "மாமா, ரெண்டாம் நாளை நல்லதுன்னு சொல்லாம வுட்டாரு, சரி. கெட்டதுன்னா சொன்னாரு? நான் உள்ள போறேன். அப்புறமா நெதானமா ஜெபம் பண்ணுங்க."

கையெழுத்து கோணலாக விழுந்தது.

5.

பிள்ளை அழுதது. தாயும் சேயும் நலம். இதற்குமேல் சொல்வதாயில்லை.

"அப்புறம் அந்தப் பிள்ளை எப்படி?" என்று கேட்பீர்கள். வகுப்பில் முதலாவதாக வந்தது என்று எழுதினால், திங்களில் பிறந்த அறிவு என்பீர்கள். படிக்கட்டில் உருண்டது என்று எழுதினால், பெரியவர் அப்போதே சொன்னாரே என்பீர்கள். துண்டுப்பிரசுரம் அச்சடிக்கவில்லை என்பதைத் தவிர, அவரைவிட நமக்கு என்ன யோக்கியதை?

ஆகவே ஆணா பெண்ணா என்றுகூட உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கிழமையைத் தொடாமல் எழுத வருகிறதா, பாருங்கள்.