கேமராவை நம்பி நின்றவள்

மாரீஸ்வரன் கல்யாண வீடியோ எடுக்க வந்தான் என்றால் பந்தியில் ஒரு முகம் தப்பாது. ஆர்.எஸ்.மங்கலம் சுற்றுப்பட்டில் அவனுக்கு அப்படி ஒரு பேர். சித்தப்பா சாப்பிடுறது வரல, சின்ன மாமியாருக்குப் பாதி முகந்தான் விழுந்திருக்கு என்று எத்தனை வீட்டில் சண்டை வந்திருக்கிறது! இவன் எடுத்த வீட்டில் அந்தப் பேச்சே வராது. இலை இலையாகப் போவான். யார் மகன், யாருக்கு மருமகன், எந்த ஊர் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அந்தப் பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம்தான் அவனைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

கண்மாய்த் தண்ணி கடைமடைக்கு வரவில்லை, கருகிய நெல்லுக்கு எந்த ஆபீசிலும் பதில் இல்லை என்று நாலு ஊர்ச் சனம் மறியலுக்குக் கிளம்பியது. அன்று காலையிலேயே போலீஸ் மாரீஸ்வரனுக்குப் போன் போட்டுவிட்டது. மறியல், ஊர்வலம் எதுவானாலும் அவர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது அவன்தான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோ நடத்த முடியுமா? போனான். போலீஸ் வேன் மேலே ஏறிக் கேமராவும் கையுமாக நின்றான்.

அவனைப் பார்த்ததும் ரோட்டில் உட்கார்ந்திருந்த சனத்துக்கு ஒரே சிரிப்பு.

"ஏலே மாரி, அண்ணனை நல்லா எடுலே!" என்று தவசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரி நாகலெட்சுமி. "நம்ம தம்பி மேல நிக்கிது. எல்லாம் படமாகுதுல்ல? இனி எவன் நம்ம மேல கைய வைப்பான்?" என்று மற்றப் பெண்களிடம் சொன்னாள். மூன்று வருசத்துக்கு முன்னால் அவர்கள் மகள் கல்யாணத்தை எடுத்தவன் இவன்தான். பழக்கதோசத்தில் ஒவ்வொரு முகமாகக் கிட்டக் கொண்டுவந்து எடுத்தான்.

பதினோரு மணி வாக்கில் இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கி, "ஏய் வீடியோ, போதும். அணை," என்றார்.

அணைத்தான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அணைத்த கேமராவைக் கீழே இறக்கினானா, அதுவும் இல்லை. கண்ணோடு ஒட்டிவைத்து அதற்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

அப்புறம் லத்திகள் இறங்கின. கல் ஒன்று விழவில்லை, கைகலப்பு இல்லை, உட்கார்ந்திருந்த சனத்தின் மேல் அப்படி ஓர் அடி. செல்போனைத் தூக்கியவன் கையில்தான் முதல் போடு. ஓடினவர்களை வயலுக்குள் விரட்டி விரட்டி அடித்தார்கள். தண்ணி கேட்டதற்கு இந்த அடியா, அடப் பாவிகளா!

நாகலெட்சுமி ஓடவில்லை. புருசனுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு, "எடு தம்பி! ஒண்ணு விடாம எடு!" என்று வேனைப் பார்த்துக் கத்தினாள். விரித்த கையில்தான் அடி விழுந்தது. கீழே விழுந்த பிறகும் அவள் வேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஸ்டேசனில் வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். இது யார், இது யார் என்று கேட்கக் கேட்க, பந்தியில் உட்கார்ந்தவர்களைச் சொல்வதுபோல் ஊரோடு பேரோடு சொன்னான். இருபத்தேழு பேர். போலீசைத் தாக்கியதாகக் கேஸ். தவசியை ஜெயிலில் போட்டார்கள். பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். மனசு ஒத்துக்கொள்ளவில்லை. வெட்கத்தில் கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

ஒன்பதாம் நாள் நாகலெட்சுமி மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"கேமரா ஓடுதுன்னுதான் தம்பி நான் நின்னேன். இல்லாட்டி அவுகளையும் இழுத்துக்கிட்டு ஓடியிருப்பேன். அந்த வீடியோ இருந்தா அவுகள வெளிய எடுத்துரலாம்னு வக்கீல் சொல்றாரு. குடுப்பா."

"சார்ஜ் தீந்துபோச்சு மதினி," என்றான் மாரீஸ்வரன்.

அவள் முகம் விழுந்துபோனது. ஆனாலும் பாருங்கள், "அதுக்கு நீ என்ன செய்வ, விடு," என்று அவனைத் தேற்றினாள். "ஏன் இப்படி வாடிப்போயிருக்க? சாப்பிட்டியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை.

"பொய் சொன்னேன் மதினி. சார்ஜ் இருந்துச்சு. அணைக்கச் சொன்னாக, அணைச்சுட்டேன். போலீசுகிட்ட பேர் சொன்னதும் நாந்தான்."

"யார் பேர?"

"எல்லார் பேரும்."

நாகலெட்சுமி ஓர் எட்டு கிட்டே வந்தாள். "அவுக பேரச் சொன்னப்ப, தவசி அண்ணேன்னு சொன்னியா, வெறும் தவசின்னு சொன்னியா?"

"அண்ணேன்னுதான் மதினி," என்றான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

அவள் அழவில்லை. "அணைக்கச் சொன்னாகன்னு வக்கீல்கிட்ட எழுதிக் குடுப்பியா?"

எழுதிக் கொடுத்தால் நாளைக்கே ஸ்டுடியோ வாசலில் ஜீப் நிற்கும். அது அவனுக்குத் தெரியாதா? "குடுக்கேன்," என்றான்.

"அப்ப எந்திரி. இப்பவே போவம்."

ராமநாதபுரம் பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. "உக்காருங்க மதினி," என்றான். அவள் காதில் வாங்காதவள்போல் நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனும் உட்காரவில்லை. ஒரு வளைவில் பஸ் ஒடித்துத் திரும்ப, அவள் பிடி விட்டுத் தடுமாறினாள். மாரீஸ்வரன் பதறிப்போய்த் தாங்கக் கையை நீட்டினான்.

"வேணாம்," என்றாள் நாகலெட்சுமி. "தொடாத."