சந்தனம் வைத்த பூட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் திருட்டு என்றதும், தடயவியல் பிரிவின் இஷ்ரத் கைரேகைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வாசலில் உடைத்த பூசணிக்காய் அவளை வரவேற்றது.

"எதையும் தொடாதீங்கன்னு போன்ல சொன்னாங்களே, அங்கிள்."

"எங்கமா தொட்டோம்? திருஷ்டி கழிச்சோம், அவ்வளவுதான்," என்றார் முதலாளி பெரியகருப்பன். "நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம், குப்பையா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

கடை கல்யாண வீடுபோல் மின்னியது. திருடனின் செருப்புத் தடம் இருந்திருக்க வேண்டிய தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். உடைந்த பூட்டைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் அலமாரிகளில் கையூன்றி டீ குடித்தார்கள்.

இஷ்ரத் பல்லைக் கடித்துக்கொண்டு தேடினாள். பின்கதவை மறைத்து நின்ற ஆளுயரக் கண்ணாடியைத் திருடன் நகர்த்தியிருந்தான். அதன் பின்புறத்தை மட்டும் யாரும் துடைக்கவில்லை. கறுப்புப் பொடியைத் தூவியதும் மூன்று விரல்கள் அச்சடித்ததுபோல் தெரிந்தன. கேமராவை எடுக்கப் பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

நிமிர்ந்தபோது பெரியகருப்பன் ஈரத்துணியோடு நின்றார். கண்ணாடியின் பின்புறம் பளிச்சென்று இருந்தது.

"நீங்க பாட்டுக்குக் கரியப் பூசிட்டீங்க, இன்ஸ்பெக்டர் வர்ற நேரம்லா. டிவில அரை மணி நேரத்துல ஆளையே பிடிச்சிடறாங்க. உங்களுக்கு ஒரு ரேகைகூடக் கெடைக்கலையாம்மா?"

"ஒன்னு கெடச்சிருக்கு, அங்கிள். பூட்டுல, சந்தனத்துல, அவ்ளோ தெளிவா." இஷ்ரத் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். "உங்க விரல மட்டும் கொஞ்சம் வைங்க."