மாலைக் கூட்டத்தில் சொன்னது

செங்கல்பட்டுக் கோர்ட் வராந்தாவில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்ரீரங்கன் வக்கீல் அந்தக் கேள்வியைக் கேட்டார். இத்தனை மாதம் வழக்கு நடத்தியும் அதுவரை அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"ஏம்மா, ஆக்சிடெண்ட் ஆனப்புறம் தப்பு உங்க பேர்லதான்னு யார்கிட்டயாவது சொல்லி வச்சேளா? போலீஸ், ஆஸ்பத்திரி, பக்கத்து வீடு, எங்கயாவது?"

"இல்ல சார்" என்றாள் ஞானசௌந்தரி. பெஞ்சில் உட்கார்ந்து, கக்கத்துக் கட்டைகள் இரண்டையும் மடியின் மேல் குறுக்கே வைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன் தயாளனும் இல்லையென்று தலையாட்டினான்.

வக்கீல் நகர்ந்தார்.

"சார், கோயில்ல சொன்னது இதுல சேருமா?"

அவர் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றுவிட்டார். "கோயில்லயா? கடவுள்கிட்ட மனசுக்குள்ளயா?"

"சபையில. எல்லாருக்கும் முன்னாடி."

"மைக் வச்சா?"

"மைக் கிடையாது சார்." சற்று யோசித்தாள். "ஆனா என் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். மூணாங் கிளாஸ் டீச்சர் இல்லையா."

தயாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் சிரிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

அது எழுபத்தொன்றாம் வருஷத்து மழைக்காலம். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து பெரிய ரோட்டுக்கு வந்து, பள்ளிக்கூடம் இருக்கும் பக்கத்துக்குப் போக அவள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு பஸ் நின்றிருந்தது. நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, வரக்கூடாத பக்கமாக ஒரு ரொட்டிக் கம்பெனி வேன் வந்தது. பிறகு நினைவு வந்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவரில் ஈரம் படர்ந்து, பள்ளிக்கூடத்தில் தொங்கும் தேசப் படம் போலத் தெரிந்தது. அந்தத் தேசத்தின் நதிகளையும் மலைகளையும் பார்த்துக்கொண்டே அவள் பல வாரங்கள் படுத்திருந்தாள்.

வேனை ஓட்டிய வேதசிரோமணி அந்நியன் இல்லை. இரும்புலியூரில் இவர்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒரே சபை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுக்கு ஒரு வரி பின்னால் பாடுகிறவன். ஆஸ்பத்திரிக்கு அவன் வரவில்லை. அவன் மனைவி தனம் கஞ்சி கொண்டுவந்தாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, "அவரு சோறே துன்றதில்ல டீச்சர். படுத்தா உடனே ஏந்து குந்திக்கிறாரு. பொண்ணுங்க ரெண்டும் பயந்துகினு கீதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

வீடு திரும்பிய பின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலைக் கூட்டத்தில் பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்ல அழைத்தார்.

அந்தச் சபையில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. யாரானாலும் தங்கள் குற்றத்தில்தான் தொடங்குவார்கள். டைபாய்டில் பிழைத்தவர், ஜெபத்தில் தளர்ந்துபோனதால்தான் காய்ச்சல் வந்தது என்பார். பசு செத்துப்போன அம்மாள், பால் விற்ற பெருமையால் வந்தது என்பாள். கேட்கிறவர்கள் யாரும் அதைத் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்பிட உட்காரும்முன் கை கழுவுவது போல அது.

ஞானசௌந்தரியும் அப்படியே தொடங்கினாள். அன்று ஜெபிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பினேன் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கடைசி பெஞ்சில் வேதசிரோமணி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் தனம் முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். "அவசரத்தில் இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டில் இறங்கினேன். தப்பு என்னுடையது. வண்டி ஓட்டிய சகோதரர் மேல் ஒன்றுமில்லை" என்று முடித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து ஆண்பிள்ளை ஒருவன் விம்முகிற சத்தம் வந்தது. மறுநாள் தனம் வாசலில் நின்று, "நேத்து ராவு நல்லா தூங்கினாரு டீச்சர்" என்றாள்.

உண்மையில் அவள் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் இறங்கினாள். நடு ரோட்டுக்கு வந்தபோது, வேன் பஸ்ஸைச் சுற்றி வருவதையும் பார்த்தாள். ஓட்டினவன் தலை குனிந்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்திருந்தான். கைகளுக்குள் தீக்குச்சி வெளிச்சம் இருந்தது.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் வக்கீல், "எதிர் பார்ட்டிக்குத் தெரியுமா?" என்றார்.

"வேதசிரோமணி முதலாளிகிட்ட சொல்லியிருப்பார் சார். சந்தோஷத்துல."

"சந்தோஷத்துல!" வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நஷ்ட ஈட்டை டிரைவர் தலையில கட்டறதில்லை, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, அவா குடுப்பான்னு நான்தான் படிச்சுப் படிச்சு சொன்னேனே அம்மா."

"நீங்க சொன்னது அதுக்கப்புறம் சார்."

அது சரிதான். நஷ்ட ஈடு என்று ஒன்று உண்டென்பதும், அதற்கு ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டுமென்பதும், கூட வேலை பார்க்கும் யூனிஸ் டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. கோர்ட்டுக்குப் போவதென்றால் வேதசிரோமணி வீட்டுச் சட்டிப்பானையை ஏலம் போடுவது என்றே அதுவரை நினைத்திருந்தாள்.

"அவனை மன்னிக்கறது வேற, நஷ்ட ஈடு கேக்கறது வேற" என்றார் வக்கீல், இப்போது குரலைத் தாழ்த்தி. "மன்னிச்சுட்டு, கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டுக்குப் பலகாரமும் அனுப்பிண்டு, கேஸும் நடத்தலாம். சட்டம் யாரையும் வெறுக்கச் சொல்லலை. என்ன நடந்ததுன்னு மட்டும்தான் கேக்கறது." எழுந்தார். "உள்ள கேட்டா, ஞாபகமில்லைன்னுடுங்கோ. அவ்வளவுதான்."

அவர் போன பிறகு தயாளன் குனிந்து, "ஞாபகமில்லைன்னே சொல்லிடேன் ஞானம்" என்றான். "ஜூன் வரைக்கும்தான் உன் இடத்தை வச்சிருப்பாங்க. கால் வாங்கலைன்னா எப்படி நின்னு பாடம் நடத்துவ?"

பூனாவில் செயற்கைக் கால் செய்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதை மாட்டினால் கட்டையில்லாமல் நிற்கலாம், கரும்பலகையில் எழுத ஒரு கை மிச்சமிருக்கும். நிற்கிறவர்களுக்குத்தான் வேலை என்று பள்ளிக்கூட மானேஜர் நேராகவே சொல்லிவிட்டார். அவர்கள் வந்ததெல்லாம் அந்தக் காலுக்காகத்தான்.

கூண்டில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். ஸ்ரீரங்கன் கேட்டார், அவள் பஸ்ஸைச் சொன்னாள், வேனைச் சொன்னாள், தீக்குச்சியைச் சொன்னாள். எதிர்க்கட்சி வக்கீல் சாவகாசமாக எழுந்தார்.

"நீங்க டீச்சர். பொய் சொல்லமாட்டீங்க. உங்க சபையில, அத்தனை பேர் முன்னாடி, தப்பு என்னுடையதுன்னு சொன்னீங்களா, இல்லையா?"

ஸ்ரீரங்கன் மேஜையில் கிடந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாபகமில்லை என்ற அந்த ஒரு சொல் அவள் வாய்க்குள் இருந்தது. ஆனால் சற்று முன்பு கை வைத்துச் சத்தியம் செய்த அதே வேதபுத்தகம் இன்னும் அங்கேயே இருந்தது.

"சொன்னேன். ஆனா அது..."

"சொன்னேன்னு சொல்லிட்டீங்க. போதும்மா."

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டிரைவர் பீடி பத்த வச்சதைப் பாத்தேன்கிறீங்களே, அதை ஏன் அங்க சொல்லலை?"

"அங்க அவர் சம்சாரம் உக்காந்திருந்தாங்க ஐயா."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.

அடுத்து வேதசிரோமணி ஏறினான். சலவைச் சட்டை போட்டிருந்தான். ஸ்ரீரங்கன் அவனை எப்படியெல்லாமோ மடக்கிப் பார்த்தார். பீடியா, ஞாபகமே இல்லை சார் என்றான். வேகமா, இல்லை சார் என்றான். "டீச்சரே சொன்னாங்களே சார், அவங்க மேலதான் தப்புன்னு. அவங்க சொன்னா கரீட்டாத்தான் சார் இருக்கும்." அவன் முகத்தில் கள்ளம் இல்லை. ஞானசௌந்தரி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பொய் சொல்லவில்லை. நடந்ததை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் கொடுத்ததை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் தூங்கியிருக்கிறான்.

மத்தியானத்துக்கு மேல் தீர்ப்பைச் சொன்னார்கள். மனுதாரரே பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டிருப்பதால் மனு தள்ளுபடி. மெட்ராஸில் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போக உங்களுக்கு உரிமை உண்டு என்றார் ஸ்ரீரங்கன். அப்பீலில் ஜெயிக்கலாமா என்று தயாளன் கேட்டதற்கு, கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, "சொன்னேன்னு பதிவாயிடுத்தே சார்" என்றார்.

தாம்பரம் போகும் பாசஞ்சரில் ஏறுவதே பெரிய வேலையாக இருந்தது. பிளாட்பாரம் தாழ்வு, வண்டியின் படி உயரம். தயாளன் ஒருவனால் முடியவில்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்ற வேதசிரோமணி தயங்கித் தயங்கி வந்து, மறுபக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினான். வண்டி கிளம்பியும் அவன் கதவருகிலேயே நின்றான். ஏரியும் பனைமரங்களும் அவன் தோளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. வண்டலூர் தாண்டியதும் அருகில் வந்தான்.

"டீச்சர், பீடின்னு சொன்னீங்களே. வக்கீல் சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல."

"மெய்யாலுமே பாத்தீங்களா?"

"இப்பவாவது சொல்லு" என்றான் தயாளன், வெளியே பார்த்தபடி.

"பாத்தேன் தம்பி. தலை குனிஞ்சிருந்தீங்க. ரெண்டு கையும் வாய்கிட்ட இருந்தது."

அவன் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தான்.

"அப்ப இன்னாத்துக்கு டீச்சர் கோயில்ல அப்டி சொன்னீங்க?" என்றான். "நான் அத்த நம்பிக்கினு, வேதத்துமேல கைய வச்சு, எம்மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேனே!"

அவள் மடியிலிருந்த கட்டைகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"நாளைக்குப் போயி ஜட்ஜாண்ட சொல்லிடறேன். தப்பு என்னுதுதான்னு."

"சொல்லுய்யா, சொல்லு" என்று தயாளன் திரும்பினான். "பொய்ச் சத்தியம்னு உன்னைப் பிடிச்சு உள்ள போடுவாங்க. இவளுக்குக் கால் வருமா?"

வேதசிரோமணி பெட்டியின் தரையில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். பெருங்களத்தூர் வந்து போயிற்று.

தாம்பரத்தில் கூட்டம் ஏற முட்டியது. வேதசிரோமணி முதலில் குதித்து, ஜனங்களை விலக்கிக் கைகளை நீட்டினான். தயாளன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து அந்தக் கைகளில் தன் பாரத்தை விட்டாள். அவன் இறக்கி நிறுத்தினான். நிறுத்திய பிறகும் பிடியை விடவில்லை.

"விடுங்க தம்பி. நான் நின்னுக்குவேன்" என்றாள்.

அவன் விட்டான். அவள் சாய்ந்தாள். அவன் மறுபடியும் பிடித்துக்கொண்டான். கட்டைகளை எடுக்கப் போன தயாளன், ஏறுகிறவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, "இருங்க, இருங்க, இறங்க விடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தான்.