ஆறு இடங்களில் மட்டும் சிவப்பு

1

அன்று காலை தொட்டியருகே இருந்தவர்கள் நால்வர்: இசோகாய் குடும்பத் தலைவர் கனெமாட்சு, அவர் மருமகள் ஃபுமியே, அடுத்த வீட்டு தொகுசோ, ஈரத்துணியில் கிடந்த மீன். [மீனையும் சேர்ப்பதா? சேர்க்கிறேன். அதுவும் எங்கள் குடும்பம்தான்.]

ஒப்புக்கொள்கிறேன்: ஒன்றை மறைக்கத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

2

“எழுபத்தெட்டு வயதிலும் கனெமாட்சுவின் கை பாறைபோல…” அடித்துவிட்டேன். பாறைக்கு மீன் பிடிக்கத் தெரியாது.

“அன்று வெளிச்சம் போதாததால்…” பொய். ஜூலை மாதம், காலை பத்து மணி.

3

ஒகஸாகியில் ஜிகின் வகைத் தங்கமீன் வளர்க்கும் நாங்கள், குஞ்சின் சிவப்பு முற்றுமுன் உடம்புச் செதில்களை மூங்கில் சீவுகோலால் எடுத்துவிடுவோம். மறுபடி முளைப்பவை வெள்ளை. வாய், செவுள்மூடிகள், முதுகுத் துடுப்பு, மார்பு-வயிற்றுத் துடுப்புகள், குதத் துடுப்பு, வால் என்று ஆறு இடங்களில் மட்டும் சிவப்பு நிற்கும்.* இசோகாய் வீட்டில் குடும்பத் தலைவரைத் தவிர வேறு யாரும் சீவுகோலைத் தொட்டதில்லை.

(* கை தவறிச் செவுள்மூடியில் பட்டால் மீன் பிழைக்கும். கண்காட்சிக்குப் போகாது.)

அந்த வருடக் குஞ்சுகளில் வால் சரியாக விரிந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் கனெமாட்சு எடுத்திருந்தார். மூன்றாவது செதிலில் சீவுகோல் வழுக்கி, செவுள்மூடிக்கு மயிரிழை தூரத்தில் நின்றது.

“என்ன கனெமாட்சு-சான், மீன் துள்ளுதா, நீங்க துள்ளுறீங்களா?” என்றார் தொகுசோ.

“கண்ணுல தூசி.”

“கண்ணுல தூசி விழுந்தா கை நடுங்குமா மாமா?” என்றாள் ஃபுமியே.

[அவள் இப்படிப் பேசுபவள் அல்ல என்று எழுதப் பார்த்தேன். பேசுபவள்தான்.]

மீன் வாயைப் பிளந்தது. கனெமாட்சு அதைத் தண்ணீரில் விட்டார்.

“எங்கப்பா மீன்கடைல பத்து வருஷம் செதில் எடுத்திருக்கேன்” என்றாள் அவள்.

“அது செத்த மீனும்மா! துள்ளாது” என்றார் தொகுசோ.

“இதுவும் துள்ளலையே. மாமா கைதான் துள்ளிச்சு.”

4

முடிவுகள் சில வைத்திருந்தேன். ஒன்றில் நடுக்கம் தானாக நிற்க, அவரே முடிக்கிறார். இன்னொன்றில் மீன் செத்துவிடுகிறது, யார்மீதும் பழியில்லை. அதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது… வேண்டாம்.

நடந்தது இது. ஃபுமியே மீனை மறுபடி துணியில் கிடத்தினாள். செதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிச் செதில் விழுந்து மீன் தண்ணீருக்குள் ஓடியபோதுதான் கனெமாட்சுவுக்கு மூச்சு வந்தது. இலையுதிர்காலத்தில் உடம்பு வெள்ளை. சிவப்பு ஆறே இடத்தில்.

5

கண்காட்சியில் அதற்கு என்ன கிடைத்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எழுத வேண்டியது வேறு.

கிழவர் கையிலிருந்து மருமகள் சீவுகோலைப் பிடுங்கினாள் என்று ஊரில் பேசுகிறார்கள். பிடுங்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.